திரும்பி வரும் பஸ்



இம்முறை இந்தப் பக்கத்தில் உதவித்தொகை பற்றியோ, விண்ணப்பப் படிவம் பற்றியோ எழுதப்போவதில்லை. ஒரு சுற்றுலாவைப் பற்றி எழுதப்போகிறேன். "எங்களுக்கு இருக்கிற கஷ்டத்துக்குள்ளை இது என்ன கதை?" என்று உங்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றுப் பொறுங்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. என் தோழிக்கு அது இன்னும் அதிகமாக இருந்தது.

எம்மில் பலர் கணக்கில்லாத தடவைகள் பஸ் ஏறியவர்கள். ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, சிறைச்சாலைக்கு, விசாரணைக்கு என்று இரவிரவாகப் பயணம் செய்தவர்கள். மடியில் ஒரு பை, பைக்குள் ஒரு கோவை, கோவைக்குள் பிறப்புச் சான்றிதழும் புகைப்படமும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும். இப்படியே எத்தனை வருடங்கள்! ஆனால் ஒரு மலையைப் பார்ப்பதற்காக, ஓர் அருவியைப் பார்ப்பதற்காக மட்டும் நாம் எப்போதாவது பஸ் ஏறியிருக்கிறோமா?

என் தோழியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். வவுனியாவைச் சேர்ந்தவள். என்னைவிட ஏழு வயது இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். 2006 ஆம் ஆண்டு கடைக்குப் போன அவளுடைய கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு நான்கு வயது. அன்று தொடங்கிய அலைச்சல் இன்றும் முடியவில்லை. 2010 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கும் எழுதினாள். 2013 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் முன்னும் சாட்சியம் சொன்னாள். 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கியபோது, வவுனியாக் கொட்டிலில் அவளும் போய் இருந்தாள். மகள் வளர்ந்து வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மாதத்தில் சில நாட்கள் மகளோடு வந்து தங்குவாள். அப்படி வரும்போதுதான் எனக்கு அவள் பழக்கம்.

2023 ஓகஸ்டில் கொட்டாஞ்சேனையில் எங்கள் சீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தார்கள். முதல் வருடம் எரிபொருள் வரிசையில் நின்ற களைப்பு எல்லோருக்கும் இருந்தது. "ஒருக்கா மலைநாட்டைப் பாத்திட்டு வருவம்" என்று ஒருவர் சொல்ல, முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். சாப்பாட்டோடு ஆளுக்கு 4,000 ரூபா. காலையில் புறக்கோட்டையில் ஏறி இரவு புறக்கோட்டையில் இறங்குவது. நான் அவளையும் கேட்டேன்.

"சனம் என்ன சொல்லும் அக்கா? புருசனைத் தேடுறன் எண்டு சொல்லிக்கொண்டு ரூர் போறாள் எண்டு சொல்லாதுகளோ?" என்றாள். பிறகு, சற்றுத் தணிந்த குரலில், "அவருக்கு என்ன நடந்தது எண்டு தெரியாமல் நான் எப்பிடி வேடிக்கை பாக்கிறது?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மகள்தான் பணத்தைக் கட்டிவிட்டுத் தாயிடம் சொன்னாள்.

விடியற்காலை நாலரை மணிக்குப் புறக்கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கொழும்புக் கோட்டைக்கு வெளியே அமைந்த பகுதி என்பதால் புறக்கோட்டை. ஆங்கிலத்தில் சொல்லும் 'பெட்டா' என்ற பெயரும் எங்கள் 'பேட்டை' என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஊர் நித்திரையில் இருக்க, அங்கே நாட்டாமிமார் வெங்காய மூட்டைகளைக் கைவண்டியில் ஏற்றி நாலாம் குறுக்குத் தெருவால் தள்ளிக்கொண்டு போவார்கள். கருவாட்டு வாசமும் டீசல் புகையும் சேர்ந்து மூக்கில் அடிக்கும். பஸ் நிலையத்தில் தூர இடங்களின் பெயர்களைக் கூவும் சத்தம் ஓயாது.

எங்கள் பஸ் வீதியோரத்தில் நின்றது. உதவிக்கு வந்திருந்த பையன் கதவைப் பிடித்துக்கொண்டு, "நகின்ன, நகின்ன, இக்மன்ட்ட!" என்று அவசரப்படுத்தினான். ஏறுங்கள், கெதியாக ஏறுங்கள் என்று அர்த்தம். நான் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் ஏறவில்லை. கீழே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

நான் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த ஒரு பழைய மாடிக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சகோதரிகளே, இதை மறந்தவர்களுக்காகவும், அப்போது சிறுமிகளாக இருந்தவர்களுக்காகவும் சொல்கிறேன். 2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலையில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களில் இருந்த லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மொத்தம் 376 பேர். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். வெளிநாட்டுப் பயண அலுவலாக வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், உறவினரைத் தேடி வந்தவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் திரும்பவும் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பிரதமரே நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். செய்தி அத்தோடு முடிந்தது. அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது முடியவில்லை.

அவர்களில் என் தோழியும் ஒருத்தி. அன்று காலை பத்து மணிக்கு ஓர் அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். கணவரைப் பற்றி ஏதாவது தெரியவரும் என்ற நம்பிக்கையில் முதல் நாளே வந்து லொட்ஜில் தங்கியிருந்தாள். உடுப்புப் பையைக் கட்டவும் சரியாக நேரம் கிடைக்கவில்லை. "நகின்ன, நகின்ன" என்றுதான் அன்றும் சொன்னார்களாம். வவுனியாவில் இறங்கியவள் திரும்பி வரப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பத்து மணி பிறகு அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

இதை அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் அதே நேரத்தில், அதே இடத்துக்கு, அதேபோல் ஒரு பஸ்ஸில் ஏற அவளை அழைத்து வந்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

"பிள்ளை, வேண்டாமெண்டால் விடுவம். ரெண்டு பேரும் ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வீட்டை போவம். காசு போனால் போகட்டும்" என்றேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அதற்கு நான் இன்றும் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஐந்து நிமிடம் போயிருக்கும். அவள் முன்பக்கம் நடந்துபோய், சாரதியின் யன்னலுக்குக் கீழே நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். "இந்தப் பஸ் இரவு திரும்பி எங்கே வரும்?" வயதான மனிதர். அவள் தமிழ் என்று விளங்கிக்கொண்டு, அரைகுறைத் தமிழில், "இங்கதான் அம்மா. ராத்திரி ஒம்பது, ஒம்பதரை. நான்தான் கொண்டு வாறது" என்றார். அவள் தலையாட்டிவிட்டு ஏறி என் பக்கத்தில் இருந்தாள். யன்னல் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோவை இருந்த பை மடியில் இருந்தது.

களனிப் பாலத்தைக் கடக்கும்போது இன்னும் இருட்டு. நிட்டம்புவ தாண்டித்தான் வெளிச்சம் வந்தது. கண்டி வீதியில் கஜுகம என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரே கஜு ஊர் என்பதுதான். வீதியின் இரு பக்கமும் சின்னச் சின்னக் கொட்டில்களில் பெண்கள் மரமுந்திரிகைப் பருப்பு விற்பார்கள். எங்கள் பஸ் போனபோது அவர்கள் அப்போதுதான் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பருப்பை அளந்து பைகளில் போட்டுக்கொண்டு நின்றாள். என் தோழி என்னைத் தாண்டி எட்டி அதைப் பார்த்தாள். அன்று அவள் வெளியே பார்த்தது அதுதான் முதல் தடவை. "நல்ல யாவாரம் போகுமோ அக்கா?" என்று கேட்டாள். வீட்டில் மிளகாய்த்தூள் இடித்து விற்பவள் அல்லவா, கணக்குத்தான் முதலில் வந்தது!

மாவனெல்லைக்கு அப்பால் வீதி மேலே ஏறத் தொடங்குகிறது. வலது பக்கம் பள்ளத்தாக்கு. தூரத்தில் தலைப்பக்கம் தட்டையாக வெட்டி வைத்தது போன்ற ஒரு பெரிய மலை. சிங்களத்தில் பத்தலேகல என்பார்கள். திறந்து வைத்த வேதப்புத்தகம் போலிருக்கிறதென்று ஆங்கிலேயர் அதற்கு 'பைபிள் ரொக்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது மூடி வைத்த பெட்டகம் போலத்தான் தெரிந்தது. கடுகண்ணாவை உச்சிக்கு அருகில் பழைய வீதி ஒரு கற்பாறையைக் குடைந்துகொண்டு போகிறது. பாறையைத் துளைத்து வருபவன் கண்டியைப் பிடிப்பான் என்று அந்தக் காலத்தில் ஒரு வாக்கு இருந்ததாம். 1815 இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், 1820களில் இந்த வீதியை வெட்டியபோது பாறையையும் குடைந்தார்கள். வீதியை அமைத்த கப்டன் டோசன் என்பவர் 1829 இல் இறந்தார். அவருடைய நினைவாக எழுப்பிய உயர்ந்த கோபுரம் இன்றும் வீதியோரத்தில் நிற்கிறது. வெட்டிய கூலியாட்களின் நினைவாக அங்கே ஒன்றும் இல்லை.

பேராதனைப் பூங்காவில் ஒரு மணித்தியாலம் நின்றோம். 1821 இல் அமைக்கப்பட்ட பூங்கா, 147 ஏக்கர். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. இரு புறமும் பனை இனத்து மரங்கள் வரிசையாக நிற்கும் நீண்ட பாதை ஒன்று உண்டு. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஏதோ ஊர் ஞாபகம் வரும். என் தோழி ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கடை பனை மாதிரி இல்லை, வழவழ எண்டு இருக்கு" என்றாள்.

அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை. இந்த வீதியில் போகும்போது ஒரு விடயத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கம்பளைப் பக்கத்தில் 1820களில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் தொடங்கினார்கள். அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஏழைச் சனத்தைக் கொண்டுவந்தார்கள். தலைமன்னாரில் இறங்கியவர்கள் காடு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 200 வருட நினைவாக, எங்கள் பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்புதான், 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை மலையக மக்கள் அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து முடித்திருந்தார்கள். பஸ்ஸில் இதைப் பற்றித்தான் பேச்சு நடந்தது.

புசல்லாவைக்கு மேலே ஒரு வளைவில் பஸ் இளைப்பாற நின்றது. கீழே தேயிலைச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கொழுந்துச் சாக்கோடு வீதிக்கு ஏறி வந்தாள். நாற்பது வயது இருக்கும்.

"எங்கேருந்து வர்றீங்க அக்கா?" என்று அவளாகவே கேட்டாள். என் தோழி வவுனியா என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க சின்னம்மா குடும்பம் அங்கதான் இருக்காங்க. எழுபத்தேழு கலவரத்துல இங்கேருந்து போனவங்க" என்றாள். 1977 இலும் 1983 இலும் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் குடியேறியது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கலாம்.

அப்போது அவளுக்கு நாட்கூலி 1,000 ரூபா. நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அதுவும் முழுதாகக் கிடையாது. "நீங்கள் எவ்வளவு வடிவான இடத்திலை இருக்கிறியள்" என்று என் தோழி சொன்னாள். அதற்கு அவள் சிரித்தாள். "பஸ்ஸு பஸ்ஸா வந்து எல்லாரும் பாக்குறாங்க அக்கா. எங்களுக்கு எங்க பாக்க நேரம்? கண்ணு கொழுந்து மேலதான். நான் இன்னும் கடலப் பாத்ததில்ல."

பஸ் புறப்பட்டு வெகுநேரம் என் தோழி பேசவில்லை. பிறகு சொன்னாள். "அக்கா, அண்டைக்கு ஏத்திக்கொண்டு போன பஸ்ஸிலை நான் யன்னல் பக்கம்தான் இருந்தனான். ஏழெட்டு மணித்தியாலம். ஒண்டையும் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு பஸ்ஸிலை வெளியிலை பாக்கிற பழக்கமே விட்டுப்போச்சு."

"இப்ப மாறி இருப்பமோ?" என்று கேட்டேன். ஓம் என்றாள். இடம் மாறி இருந்தோம்.

றம்பொடை நெருங்கும்போது கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. மகாவலித் திட்டத்தில் 1980களில் கட்டியது. அந்தத் தண்ணீருக்கு அடியில் பல கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் கிடக்கின்றன. இடம் பெயர்ந்த சிங்களச் சனங்கள் வேறு மாவட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். பார்க்கும்போது பளிங்கு போலத்தான் இருக்கிறது. அழகான இடங்களுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது.

றம்பொடை அருவி 109 மீற்றர் உயரம். பக்கத்தில் போனால் பேசுவது கேட்காது. தூவானம் ஆளை நனைத்துவிடும். இறங்கும்போது என் தோழி பையைத் தூக்கினாள். பிறகு நின்று யோசித்தாள். "கடதாசியள் நனைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, பையைச் சாரதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை வாங்கித் தன் இருக்கைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

கையை வீசிக்கொண்டு அவள் நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கற்களின் மேல் நின்று முகத்தைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. அந்தத் தூவானத்தில் எல்லோருடைய முகமும் நனைந்துதான் இருந்தது. நான் கேட்கவுமில்லை. கொஞ்ச நேரத்தால் வந்து, "அவருக்குத் தண்ணி எண்டால் காணும். குளத்துக்குப் போனால் ஏறமாட்டார்" என்றாள். கணவரைப் பற்றி அவள் சொல்ல நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எல்லாம் திகதியும் இலக்கமும் சாட்சியும்தான். அவர் நீந்துவார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

லபுக்கலையில் தேயிலைத் தொழிற்சாலை பார்த்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். நுவரெலியாவுக்குப் போக நேரம் போதவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் சாரதி சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே குறியாக இருந்தார். இரவு ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்குப் புறக்கோட்டையில், ஏறிய அதே இடத்தில், பஸ் நின்றது. என் தோழி கடைசியாக இறங்கினாள். பையை வாங்கிக்கொண்டு சாரதிக்கு நன்றி சொன்னாள். எதிரே இருந்த மாடிக் கட்டடத்தை ஒரு தரம் பார்த்தாள். "திரும்பி வந்திட்டம் அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

சகோதரிகளே, ஒரு நாள் பயணத்தால் எங்கள் துன்பம் தீர்ந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. அடுத்த வாரமே அவள் கோவையோடு மறுபடியும் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். போகத்தான் வேண்டும். ஆனால் மலையைப் பார்த்ததால் அவள் தேடுவதை விட்டுவிடவில்லை. அருவியில் நின்றதால் அவரை மறக்கவுமில்லை. அங்கேதான் அவர் அவளுக்கு ஒரு மனிதராகத் திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தார். ஊர் வாய் என்ன சொல்லும் என்று பயந்து வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்பினேன்.

நீங்களும் போவதாக இருந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். நம்பிக்கையான ஒரு தோழியோடு போங்கள். பஸ் எங்கே ஏற்றும், எங்கே, எத்தனை மணிக்கு இறக்கும் என்பதை முதலிலேயே கேட்டு, வீட்டில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். அடையாள அட்டையையும் மருந்துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இருக்க விருப்பமோ அதைத் தயங்காமல் சொல்லுங்கள். பாட்டும் கூத்தும் பிடிக்காவிட்டால் சும்மா இருக்கலாம். ஏற மனம் வராவிட்டால் ஏறாமலும் விடலாம். கூட்டிக்கொண்டு போகும் சகோதரிகளுக்கு ஒன்று: உங்கள் தோழி எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ன பட்டவள் என்பதைச் சற்று யோசித்துப் புறப்படுங்கள். நான் யோசிக்காமல் விட்டேன். மழைக்காலத்தில் மலைநாட்டுக்குப் போவதானால் வீதி நிலையைக் கட்டாயம் விசாரியுங்கள். 2025 நவம்பரில் 'டித்வா' புயலின்போது மலையகத்தில் மண்சரிவால் எத்தனை உயிர்கள் போயின என்பதை நாம் கண்டோம்.

பஸ் பிடித்துப் போக வசதியில்லையா? அதற்கும் என் தோழியே வழி காட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் கொழும்புக்கு எத்தனை தரம் வந்திட்டன். மகளின்ரை அறையிலையிருந்து பத்து நிமிச நடை. இன்னும் நிண்டு கடலைப் பாக்கேல்லை. வாறியளோ?"

வெள்ளவத்தைக் கடற்கரையில் இருட்டும் வரை இருந்தோம். பையை அவள் கொண்டுவரவில்லை.